நூற்றுப் பத்து மைக்ரான்

மரிபோர் ஷோரூமின் பின்கட்டில்
ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை:
லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு புதுக் காரையும்
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது.
நேராகப் பிடித்தால் நம் முகம்தான் தெரியும்.
சாய்த்தால்
எல்லாம்.

குறையில்லாத கார் ஒன்றுகூட வந்ததில்லை.
வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாதே என்பார்
மேலாளர் தாமியான்.
அவர்களும் கேட்பதில்லை.
சிவப்பு ரிப்பனோடு படம் எடுத்துக்கொண்டு
கிளம்பிவிடுவார்கள்.

ஆல்பின் ஸெலெஸ்னிக்
முதலில் ரிப்பனைக் கழற்றச் சொன்னார்.
அதற்கடியில் என்ன இருக்கிறதோ.
சொந்த டார்ச், நாலாக மடித்த ஃப்ளானல் துணி,
முட்டி போட ஒரு ரப்பர் பாய்.
அடர்நீலம். ஏழு மாதம் காத்திருந்த நீலம்.
இனாமாக வந்த மாடா என்ன,
பல்லைப் பிடித்துப் பார்க்காமலிருக்க?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஒன்றரை மணி நேரம்.
பானெட்டில் பெயின்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தூசி,
கடுகில் கால்வாசி.
டிக்கி மூடி இடைவெளி வலப்பக்கம் நாலு மில்லிமீட்டர்,
இடப்பக்கம் மூன்றரை.
பம்பர் நீலம், உடம்பு நீலத்தைவிட
ஒரு சொட்டு பால் கூடுதல்
(வெயில் வந்தபோது மட்டும்).

"இதில் எதுவரை நான் பொறுத்துக்கொள்ள வேண்டும்?"

"கை நீட்டும் தூரத்தில் நின்று பார்த்துத்
தெரியவில்லையென்றால் அது குறையே இல்லை.
கம்பெனி விதி" என்றார் தாமியான்.

"யாருடைய கை?"

பிறகு அவர் இடது பின்கதவுக்கு வந்தார்.
நான் வாளியைக் கீழே வைத்தேன்.
டார்ச் இரண்டு முறை போய் வந்தது.
துணியால் ஒருமுறை தடவினார்.
"அருமை" என்றார்.
"மொத்தக் காரும் இந்தக் கதவு மாதிரி
இருந்திருக்கக் கூடாதா?"

தாமியான் என்னைப் பார்க்கவில்லை.
நான் தாமியானைப் பார்க்கவில்லை.
கோப்பெர் துறைமுகத்தில்
கட்டுப்பட்டையின் கொக்கி கிழித்த கதவு அது.
அங்கேயே யாரோ தேய்த்து, பூசி, சூடுகாட்டி
அனுப்பியிருந்தார்கள். காகிதம் எங்கள் கோப்பில்.

காபி இயந்திரத்தருகே கேட்டேன்,
என்ன வேலை செய்கிறீர்கள் என்று.
பல் செய்கிறார். பீங்கானில்.
முப்பத்தோரு வருடம்.
"வெள்ளை வெளேரென்று செய்தால்
தெருக்கோடியில் வரும்போதே பொய் என்று தெரிந்துவிடும்.
அதனால் கடைசியில் முடி அளவு ஒரு விரிசல்,
அதில் கொஞ்சம் தேநீர்க் கறை.
பெண்டாட்டியால்கூடக் கண்டுபிடிக்க முடியாது."

நான் அளவுமானியை எடுத்து
அவர் கையில் கொடுத்தேன்.

கூரை: நூற்றுப் பத்து.
பானெட்: நூற்றுப் பதினான்கு, அந்தத் தூசியோடு சேர்த்து.
முன்கதவு: நூற்றெட்டு.
பின்கதவு: இருநூற்று நாற்பத்து மூன்று.

ஏன் கொடுத்தாய் என்று தாமியான்
மறு புதன்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.
அந்த "அருமை" தொண்டையில் சிக்கியது
என்று சொன்னால் அவருக்குப் புரியாது.

ஸெலெஸ்னிக் கத்தவில்லை.
கதவின் முன் மறுபடி பாயை விரித்து
முட்டி போட்டார்.
தூசியை, இடைவெளியை, பாலை
அவர் அப்போதே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.
"யார் செய்தது?" என்றார்.
ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கேட்கிற கேள்வி.
"தெரியாது. துறைமுகத்தில் யாரோ."

எழுநூறு யூரோ குறைத்தார்கள்.
பின்கதவு பற்றி இரண்டு வரி
ஒப்பந்தத்தில் எழுதவைத்து
ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுப் படித்து
கையெழுத்துப் போட்டார்.
தூசியைத் தேய்த்து எடுத்துவிடட்டுமா என்றேன்.
வேண்டாம், அதை எனக்குத் தெரியும் என்றார்.

சாவியை வாங்கும்போது நான் சிரித்திருக்க வேண்டும்.
தலையைச் சற்றே சாய்த்து
என் வாயைப் பார்த்தார்.

"மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது.
நல்ல வேலை.
கொஞ்சம் அதிகமாகவே நல்ல வேலை."